அரசடியில் விற்கும் ‘அந்நியப் படை’ ஆவணக் கோவை: வாங்குங்கள், சில பக்கங்களைக் கேட்டுச் சேர்த்து

மட்டக்களப்பு அரசடிப் பக்கம், பாடக்குறிப்புகளை அச்செடுத்து விற்கும் போட்டோக்கொப்பிக் கடையொன்றில் புதிதாக ஒரு கோவை கிடைக்கிறது. ஒரு நாட்டின் படை இன்னொரு நாட்டில் எந்தச் சட்டத்தின் பேரில் தங்குகிறது என்பதைக் காட்டும் மூல ஆவணங்களை ஒன்றாகக் கட்டியிருக்கிறார்கள். ஏ4 தாள், இருபக்க அச்சு, 212 பக்கம், சுருள்கம்பிக் கட்டு, விலை 1,650 ரூபா. ஒவ்வோர் ஆவணத்துக்கும் முன்னால் இரண்டு மூன்று பக்கத்தில் தமிழ்ச் சுருக்கம், பின்னால் ஆங்கில மூலம். தொகுத்தவர் பெயர் எங்கும் இல்லை.

உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிப்பவர்களுக்கும், வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் படிக்கும் பல்கலைக்கழக மாணவர்களுக்கும், சட்டப் பரீட்சைக்குத் தனியாகப் படிப்பவர்களுக்கும், ‘சோபா’ (படைகளின் அந்தஸ்து பற்றிய உடன்படிக்கை), ‘அக்சா’ (படைகள் பொருளும் சேவையும் பரிமாறிக்கொள்ளும் ஏற்பாடு) என்று எழுதும் செய்தியாளர்களுக்கும் இது பயன்படும். இந்த மாவட்டத்தில் அந்நியப் படை முகாமிட்டிருந்த காலத்தை நேரில் கண்டவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அந்தப் படையை உள்ளே விட்ட வரி எது, எந்தத் தாளில் எத்தனையாவது பந்தியில் இருக்கிறது என்று கேட்டால் விடை சொல்லக்கூடியவர்கள் மிகக் குறைவு. அந்த வரியைத் தமிழ் வாசகரின் கையில் கொடுக்க ஒருவர் முயன்றிருப்பதே பெரிய காரியம். அதனால்தான் இதன் பிழைகளையும் விடாமல் சொல்ல வேண்டியிருக்கிறது.

கோவையின் மிகச் சிறந்த பகுதி அதன் அமைப்பு. ‘அனுமதி’, ‘அந்தஸ்து’ என்று இரண்டு பாகமாகப் பிரித்திருக்கிறார்கள். படை ஒரு நாட்டுக்குள் இருப்பதற்கான உரிமை ஒன்று. உள்ளே இருக்கும் சிப்பாய் குற்றம் செய்தால், வாகனத்தால் இடித்தால், வரி கட்டாமல் பொருள் இறக்கினால் என்ன நடக்கும் என்பது வேறொன்று. முதலாவதைப் பாதுகாப்பு உடன்படிக்கையோ, அழைப்புக் கடிதமோ, ஐ.நா. பாதுகாப்புச் சபையின் தீர்மானமோ தரும். இரண்டாவதைத் தருவதுதான் படைகளின் அந்தஸ்து பற்றிய உடன்படிக்கை, நம் பத்திரிகைகள் ‘சோபா’ என்று எழுதுவது. சோபா ஒன்று இருப்பதனால் மட்டும் படை வர அனுமதி கிடைத்துவிடாது. அனுமதி இருப்பதனால் மட்டும் சிப்பாய்க்கு விடுபாட்டுரிமை, அதாவது உள்ளூர் வழக்கிலிருந்து விலக்கு, வந்துவிடாது. அமெரிக்காவுடனான சோபா பற்றி 2019 இல் இங்கே நடந்த விவாதத்தில் இந்த இரண்டும் கலந்தே பேசப்பட்டன. கோவையின் முதல் நான்கு பக்கத்தைப் படித்தாலே அந்தக் குழப்பம் தீரும்.

ஆனால் மூன்றாவது பாகம் ஒன்று வேண்டும்: படை எப்படி வெளியேறும்? அது இதில் இல்லை. கோவையின் பெருங்குறை அதுதான்.

ஆவணங்களைப் பார்ப்போம். முதல் பாகம் ஐ.நா. சாசனத்தின் 2(4), 51, 102 ஆம் உறுப்புரைகளோடு தொடங்குகிறது. தெரிவு சரி. 2(4) பலப்பிரயோகத்தைத் தடை செய்கிறது. ஏற்கும் அரசின் சம்மதத்தோடு வரும் படை அந்தத் தடைக்குள் விழுவதில்லை. 102 பெரும்பாலும் கவனிக்கப்படாத உறுப்புரை. உடன்படிக்கையை ஐ.நா. செயலகத்தில் பதிவு செய்யாவிட்டால், அதை ஐ.நா.வின் எந்த உறுப்பின் முன்னும் ஆதாரமாகக் காட்ட முடியாது. சர்வதேச நீதிமன்றமும் அந்த உறுப்புகளில் ஒன்று. பதியாததால் உடன்படிக்கை செல்லுபடியற்றதாகிவிடாது, இரு தரப்பையும் அது கட்டுப்படுத்தும். தமிழ்ச் சுருக்கம் இதை ‘செல்லாது’ என்று எழுதியிருப்பது தவறு. பரீட்சையில் அப்படி எழுதினால் புள்ளி போய்விடும்.

அடுத்தது 1947 நவம்பர் 11 இல் கைச்சாத்தான பிரித்தானிய–இலங்கைப் பாதுகாப்பு உடன்படிக்கை. ஒரே தாளில் அடங்கக்கூடிய சிறிய ஆவணம். முதலாம் உறுப்புரை, பிரித்தானியா தன் கடற்படையையும் வான்படையையும் இங்கே நிலைகொள்ள வைக்கலாம், தரைப்படையைப் பேணலாம் என்கிறது. ஆனால் அது இரு தரப்பும் இணங்கும் அளவுக்குத்தான். இரண்டாம் உறுப்புரையில் தளங்கள், துறைமுகங்கள், தொலைத்தொடர்பு வசதிகளோடு இன்னொன்றும் வருகிறது: பிரித்தானியப் படையின் சேவை நீதிமன்றங்கள் தம் ஆட்கள் மீது அதுவரை செலுத்திவந்த நியாயாதிக்கத்தை (வழக்கை விசாரிக்கும் அதிகாரத்தை) தொடர்ந்து செலுத்தும். அதாவது அனுமதியும் அந்தஸ்தும் ஒரே தாளில். கோவை இந்த இரண்டாம் உறுப்புரையைச் சுருக்கத்தில் விட்டுவிட்டது. ஆங்கில மூலத்தில் இருக்கிறது, அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். இந்தத் தளங்கள் எப்படித் திரும்பி வந்தன என்பதும் சுருக்கத்தில் இல்லை. பண்டாரநாயக்க அரசு பேச்சுவார்த்தை நடத்தி, 1957 ஒக்டோபரில் திருகோணமலைக் கடற்படைத் தளத்தையும் நவம்பரில் கட்டுநாயக்க வான்படைத் தளத்தையும் பொறுப்பேற்றது. ‘இரு தரப்பும் இணங்கும் அளவுக்கு’ என்ற நிபந்தனை முதலாம் உறுப்புரையிலேயே இருந்ததால், இணக்கம் போனபின் தங்குவதற்கு எழுத்தில் பிடிமானம் குறைவு. அந்தச் சிறு நிபந்தனையின் பலத்தை மாணவருக்குக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

தொகுப்பு 1947 இல் தொடங்கியிருப்பது எங்களுக்கு வருத்தம். கடையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் கோட்டை இருக்கிறது. 1638 மே மாதம் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து அதைப் பிடித்த சில நாட்களில், 23 ஆம் திகதி, கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனுக்கும் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டுக்கும் இடையிலான உடன்படிக்கை மட்டக்களப்பில் கைச்சாத்தானது. அதன் மூன்றாம் உறுப்புரை, பிடிக்கப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை நிலைகொள்வது பற்றியது. அரசனிடம் இருந்த போர்த்துக்கேய மொழிப் பிரதியில் ‘அரசன் விரும்பினால்’ என்ற நிபந்தனை இருந்தது. ஒல்லாந்தரின் பிரதியில் அது இல்லை. பின்னால் கோட்டைகளை யார் வைத்திருப்பது என்ற நீண்ட தகராறுக்கு வேர் அங்கேதான். அந்நியப் படையை அழைக்கும் ஆவணத்தில் எந்த மொழிப் பிரதி மேலோங்கும் என்று எழுதாவிட்டால் என்ன வரும் என்பதற்கு இது நம் ஊரிலேயே நடந்த பாடம். இன்றைய உடன்படிக்கைகளின் கடைசிப் பந்தியில் ‘இரு பிரதிகளும் சம அதிகாரமுடையவை’ என்றோ, ‘முரண்பட்டால் ஆங்கிலப் பிரதி மேலோங்கும்’ என்றோ வரும் வரியைச் சடங்கு வரி என்று தாண்டிப் போகக்கூடாது. அடுத்த பதிப்பில் இந்த உடன்படிக்கைக்கு இரண்டு பக்கம் ஒதுக்க வேண்டும்.

1987 ஜூலை 29 இன் இந்திய–இலங்கை ஒப்பந்தம் கோவையில் இருக்கிறது. மிகப் பெரிய பிழையும் இங்கேதான். சுருக்கம் 2.14 ஆம் பந்தியைக் காட்டி ‘இதன்படி இந்தியப் படை வந்தது’ என்கிறது. 2.14 இல் இருப்பது, தீர்வுகளுக்கு இந்தியா உத்தரவாதம் அளித்து அவற்றை நடைமுறைப்படுத்த ஒத்துழைக்கும் என்ற பொறுப்பு மட்டும். 2.16(இ), அதாவது ஆங்கிலத்தில் மூன்றாவது உட்பிரிவு, இலங்கை அரசு கேட்டால் இராணுவ உதவி தரப்படும் என்கிறது. ‘அமைதி காக்கும் படைப்பிரிவு’ என்ற சொல் வருவது ஒப்பந்தத்தின் உடலில் அல்ல, இணைப்பின் 6 ஆம் பந்தியில்: மோதல் நிறுத்தத்தை உத்தரவாதப்படுத்தவும் அமுல்படுத்தவும், தேவைப்பட்டால், இலங்கை ஜனாதிபதி இந்திய அமைதி காக்கும் படைப்பிரிவொன்றை அழைக்கலாம். கோவையில் இந்த இணைப்பே இல்லை. ஒப்பந்தம் முடிந்ததும் அடுத்த ஆவணம் தொடங்கிவிடுகிறது. அனுமதியின் முழுக் கனமும் எந்தப் பந்தியில் இருக்கிறதோ அந்தப் பக்கத்தையே விட்டுவிட்டார்கள்.

அந்தப் பந்தியைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு விடயங்களைக் கவனிக்க வேண்டும். அழைப்பவர் ஜனாதிபதி, ஆகவே அழைப்பு இல்லாமல் ஒப்பந்தம் மட்டும் படையைக் கொண்டுவராது. நோக்கம் மோதல் நிறுத்தம். ஆகவே 1987 ஒக்டோபரில் அந்தப் படையே போரில் ஒரு தரப்பாக மாறியபோது, ‘அமுல்படுத்துவது’ என்பது எவ்வளவு தூரம் நீளும் என்ற கேள்வி எழுந்தது. படையின் அளவோ காலமோ எழுதப்படவில்லை. கடைசியானது இந்த மாவட்டத்து மக்களுக்கு மிகவும் வலிக்கும் விடயம்: ஒப்பந்தத்திலும் இணைப்பிலும் கூடவே பரிமாறப்பட்ட கடிதங்களிலும், சிப்பாயின் குற்றத்தை யார் விசாரிப்பது, இறந்தவரின் குடும்பம் இழப்பீட்டுக்கு எங்கே விண்ணப்பிப்பது என்று ஒரு வாக்கியமும் இல்லை. கடிதங்களில் இருப்பது திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக வேறெந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் கொடுக்கக்கூடாது என்பதும், எண்ணெய்க் குதங்கள் கூட்டு முயற்சியாகும் என்பதும் போன்ற விடயங்கள். துறைமுகத்துக்கு எழுத்தில் பாதுகாப்பு இருந்தது. வீட்டு வாசலில் நின்ற மனிதருக்கு அந்தத் தாள்களில் இருக்கவில்லை.

அப்படியானால் சிப்பாய் எந்தச் சட்டத்துக்கும் உட்பட்டிருக்கவில்லையா என்று மாணவர் கேட்பார்கள். அவரவர் நாட்டு இராணுவச் சட்டம் அவரைத் தொடர்ந்து கட்டுப்படுத்தும். 1950 ஆம் ஆண்டின் இந்திய இராணுவச் சட்டம் அதன் கீழ் வருபவர் எங்கிருந்தாலும் பொருந்தும். அதன் 70 ஆம் பிரிவு, பொதுமகன் ஒருவருக்கு எதிரான கொலை, பாலியல் வன்புணர்வு போன்ற குற்றங்களை இராணுவ நீதிமன்றம் விசாரிக்கக்கூடாது என்று பொதுவாகத் தடுத்துவிட்டு, செயற்பாட்டுச் சேவையிலோ இந்தியாவுக்கு வெளியிலோ நடந்தவற்றுக்கு விலக்கு அளிக்கிறது. ஆகவே அனுப்பிய நாட்டின் சட்டத்தில் வழி இருந்தது. ஆனால் அந்த வழியைத் தொடங்கி வைக்கும் உரிமை பாதிக்கப்பட்டவரிடம் இல்லை. சோபா எழுதுவதன் பயன் இங்கேதான் தெரியும்: முறைப்பாட்டை யார் ஏற்பது, யார் யாருக்கு அறிவிப்பது, பணம் எங்கிருந்து வருவது என்பதை அது ஏற்கும் நாட்டு மண்ணில் நிலைநிறுத்துகிறது.

இரண்டாம் பாகத்தின் முதுகெலும்பு, 1951 ஜூன் 19 இல் லண்டனில் கைச்சாத்தான நேட்டோ சோபா. 20 உறுப்புரைகளும் முழுமையாக இருக்கின்றன, அச்சும் தெளிவு. மற்ற எல்லாச் சோபாக்களையும் இதோடு ஒப்பிட்டே படிக்க வேண்டும் என்பதால் கோவையின் விலைக்கு இதுவே பெரும்பங்கு நியாயம். 2 ஆம் உறுப்புரை: ஏற்கும் நாட்டின் சட்டத்தை மதிக்க வேண்டும், அந்நாட்டு அரசியலில் ஈடுபடக்கூடாது. 3 ஆம் உறுப்புரை: கடவுச்சீட்டும் விசாவும் வேண்டாம், ஆனால் படை அடையாள அட்டையும் பயண உத்தரவும் வேண்டும். 7 நியாயாதிக்கம், 8 இழப்பீடு. இந்த இரண்டையும் பென்சிலோடு படியுங்கள்.

7 ஆம் உறுப்புரையைச் சுருக்கத்தில் ‘அனுப்பும் அரசே விசாரிக்கும்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அது உண்மையில் அடுக்கடுக்கானது. ஒரு நாட்டின் சட்டத்தில் மட்டும் குற்றமாக இருப்பதை அந்த நாடு மட்டுமே விசாரிக்கும். இரு நாட்டுச் சட்டத்திலும் குற்றமானால் இருவருக்கும் அதிகாரம் உண்டு, முதல் உரிமை யாருக்கு என்பதே கேள்வி. அனுப்பும் அரசின் சொத்துக்கோ பாதுகாப்புக்கோ, அதன் ஆட்களுக்கோ மட்டும் எதிரான குற்றம், அல்லது உத்தியோகக் கடமையைச் செய்யும்போது நடந்த குற்றம் என்றால் அனுப்பும் அரசுக்கு முதல் உரிமை. மற்ற எல்லாவற்றுக்கும் ஏற்கும் அரசுக்கு. முதல் உரிமை உள்ளவர் அதை விட்டுக்கொடுக்கலாம். மற்றவர் கேட்டால் அனுதாபத்தோடு பரிசீலிக்க வேண்டும். சந்தேகநபர் அனுப்பும் அரசின் கையில் இருந்தால், ஏற்கும் அரசு குற்றஞ்சாட்டும் வரை அவர்களிடமே தடுப்பில் இருப்பார்.

பிழைபோவது எப்போதும் ‘உத்தியோகக் கடமை’ என்ற இடத்தில்தான். அதைத் தீர்மானிப்பது யார்? நடைமுறையில் படை அதிகாரி ஒருவர் எழுதிக் கொடுக்கும் கடமைச் சான்றிதழ். தென் கொரியாவில் 2002 ஜூன் 13 இல் அமெரிக்கக் கவச வாகனம் மோதி இரண்டு பாடசாலை மாணவிகள் இறந்தார்கள். கடமையில் நடந்தது என்பதால் அமெரிக்க இராணுவ நீதிமன்றமே விசாரித்தது, சம்பந்தப்பட்ட இருவரும் விடுவிக்கப்பட்டார்கள், நாடெங்கும் பெரும் போராட்டம் வெடித்தது. ஜப்பானில் 1957 ஜனவரியில் வெற்றுத் தோட்டாக்களைப் பொறுக்க வந்த பெண்ணொருவரைச் சுட்டுக்கொன்ற ஜிரார்ட் என்ற சிப்பாயின் விடயத்தில் எதிர்த்திசையில் நடந்தது. அமெரிக்கா முதல் உரிமையை விட்டுக்கொடுத்தது. அதை எதிர்த்த வழக்கை அமெரிக்க உயர் நீதிமன்றம் நிராகரித்தது. ஜப்பானிய நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாகக் கண்டு ஒத்திவைத்த தண்டனை விதித்தது. ஒரே மாதிரியான உறுப்புரை, இரண்டு முடிவுகள். தடுப்புக்காவல் பற்றிய வரி 1995 இல் ஒக்கினாவாவில் சிறுமியொருத்தி மீது நடந்த பாலியல் வன்கொடுமையின்போது வெடித்தது. அதன்பின் அவ்வாண்டு ஒக்டோபரில், கொலை, பாலியல் வன்புணர்வுச் சம்பவங்களில் குற்றஞ்சாட்டும் முன்பே ஒப்படைப்பதை அனுதாபத்தோடு பரிசீலிக்க இரு நாடுகளும் இணங்கின. உடன்படிக்கையின் எழுத்து மாறவில்லை, நடைமுறை மாறியது. கோவையில் ஜப்பான் சோபாவின் 17 ஆம் உறுப்புரை இருக்கிறது. இந்த 1995 இணக்கம் இல்லை. அது இல்லாமல் 17 ஐப் படித்தால் பழைய நிலையைத்தான் படித்தவராவீர்கள்.

8 ஆம் உறுப்புரையில் நேரடித் தவறு ஒன்று. கடமையின்போது மூன்றாம் ஆளுக்கு ஏற்பட்ட சேதத்துக்கு அனுப்பும் அரசு மட்டும் பொறுப்பென்றால், இழப்பீட்டில் 75 வீதம் அனுப்பும் அரசு, 25 வீதம் ஏற்கும் அரசு. கோவையில் இது தலைகீழாக அச்சாகியிருக்கிறது. இரு தரப்பும் பொறுப்பென்றால் சமபங்கு. பாதிக்கப்பட்டவருக்கு முக்கியமான விடயம் வீதக்கணக்கை விடப் பெரியது: அவர் தன் சொந்த அரசிடமே கோரிக்கை வைக்கிறார், தன் நாட்டுச் சட்டப்படியே அது தீர்க்கப்படுகிறது, தன் நாட்டு நாணயத்தில் பணம் பெறுகிறார். பிறகு அரசுகள் தங்களுக்குள் கணக்குத் தீர்க்கும். கடமைக்கு வெளியே நடந்ததென்றால் இது பொருந்தாது. ஏற்கும் அரசு அறிக்கை தயாரிக்கும், அனுப்பும் அரசு கருணைத் தொகை தரலாமா என்று முடிவு செய்யும், சிப்பாய் மீது சிவில் வழக்குப் போடும் உரிமையும் இருக்கும்.

இலங்கை–அமெரிக்க ஆவணங்கள் இரண்டு. சுருக்கத்தில் இரண்டையும் ‘சோபா’ என்றே தலைப்பிட்டிருக்கிறார்கள், பேனாவால் திருத்திக்கொள்ளுங்கள். அந்தஸ்து பற்றியது 1995 மே 16 இன் குறிப்புப் பரிமாற்றம்தான், அதாவது இரு அரசுகளும் இராஜதந்திரக் குறிப்புகளை மாற்றிக்கொண்டு செய்த உடன்பாடு. மிகச் சிறியது. வருகிற அமெரிக்கப் படையினருக்குத் தூதரகத்தின் நிர்வாக, தொழில்நுட்ப ஊழியர்களுக்குரிய அந்தஸ்து என்று, இராஜதந்திர உறவுகள் பற்றிய வியன்னா சமவாயத்தைச் சுட்டி முடித்துவிடுகிறது. 2007 மார்ச் 5 இல் கைச்சாத்தாகி 2017 ஓகஸ்டில் புதுப்பிக்கப்பட்ட அக்சா வேறு வகை: எரிபொருள், உணவு, போக்குவரத்து, மருத்துவம் போன்றவற்றைப் பரிமாறிக்கொள்ளும் கணக்கு ஏற்பாடு. பணமாகவோ, அதே பொருளாகவோ, சமபெறுமதியாகவோ திருப்ப வேண்டும். படை தங்க அது அனுமதி அல்ல. 2018 இல் முன்வைக்கப்பட்ட விரிவான சோபா வரைவு கைச்சாத்தாகவில்லை. கோவை அதைப் ‘புதிய சோபா’ என்று நடைமுறையில் இருப்பதுபோல் குறிப்பிடுவது பெரும் தவறு.

இந்த இரண்டு பாணிக்கும் உள்ள தூரம் தெரிய வேண்டுமானால் ஒரு கற்பனைச் சம்பவத்தை வைத்துப் பாருங்கள். கூட்டுப் பயிற்சிக்கு வந்த அந்நியப் படையின் லொறி கல்லடிப் பாலத்தில் சைக்கிளில் போன ஒருவரை இடித்துவிடுகிறது. நேட்டோ முறையில் என்றால் முதல் கேள்வி கடமையா இல்லையா. கடமை என்றால் விசாரணை அவர்களுடையது, இழப்பீட்டுக் கோரிக்கை நம் அரசிடம், 75 வீதம் அவர்கள் பையிலிருந்து. முகாமுக்கு வெளியே பொழுதுபோக்கப் போனபோது என்றால் மட்டக்களப்பு நீதவான் நீதிமன்றமே தொடங்கும் இடம். 1995 குறிப்பு முறையில் இந்தக் கேள்வியே எழாது. 1961 வியன்னா சமவாயத்தின் 37(2) ஆம் உறுப்புரைப்படி, கடமையோ இல்லையோ, குற்றவியல் நியாயாதிக்கத்திலிருந்து அவருக்கு விடுபாடு உண்டு. சிவில் வழக்கில் மட்டும் கடமைக்கு வெளியே செய்த செயலுக்கு விடுபாடு இல்லை. பொலிசுக்கு மிஞ்சுவது சம்பவ இடத்தை அளந்து, சாட்சியங்களைப் பதிந்து, வெளிவிவகார அமைச்சுக்கு அனுப்புவது. அரசுக்கு மிஞ்சுவது 32 ஆம் உறுப்புரைப்படி விடுபாட்டைத் துறக்கும்படி கேட்பது, மறுத்தால் அவரைத் திருப்பி அழைக்கச் சொல்வது. அனுப்பிய நாட்டின் நியாயாதிக்கத்திலிருந்து அவர் தப்புவதில்லை என்று 31(4) சொல்கிறது. ஆனால் அது கடல் கடந்த நீதிமன்றம். இழப்பீட்டுக்கென்று தனி முறை சமவாயத்தில் இல்லை. லொறியை ஓட்டியவர் உள்ளூரில் வாடகைக்கு அமர்த்திய இலங்கையர் என்றால் 37(2) அவருக்குப் பொருந்தாது, சாதாரண வழக்குத்தான்.

‘இரண்டு பக்கக் குறிப்புத்தானே, பெரிய விடயமில்லை’ என்பவர்களுக்கு இதுதான் பதில். ஆவணம் சுருங்கச் சுருங்க விடுபாடு அகலமாகிறது. நீண்ட சோபாவைக் கண்டு பயப்படும் அளவுக்குக் குறுகிய குறிப்பைக் கண்டும் பயப்பட வேண்டும்.

உள்நாட்டுச் சட்டத்தின் பக்கத்தில் கோவை மிக மெலிவு. அரசியலமைப்பின் 157 ஆம் உறுப்புரையைச் சேர்த்துவிட்டு, அந்நியப் படைக்கு நாடாளுமன்றத்தின் மூன்றிலிரண்டு வேண்டும் என்று சொல்கிறது. 157 வெளிநாட்டு முதலீட்டைப் பாதுகாக்கும் உடன்படிக்கைகளைப் பற்றியது, படையோடு சம்பந்தமில்லை. அந்நியப் படைக்கு நாடாளுமன்ற ஒப்புதல் வேண்டும் என்று நம் அரசியலமைப்பில் தனி உறுப்புரை கிடையாது. உடன்படிக்கை செய்வது நிறைவேற்றதிகாரத்தின் வேலை. பிலிப்பைன்ஸின் 1987 அரசியலமைப்போடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும்: 18 ஆம் உறுப்புரையின் 25 ஆம் பிரிவு, செனற் சபை ஒப்புதல் அளித்த உடன்படிக்கை இல்லாமல் அந்நியத் தளமோ படையோ வசதியோ கூடாது என்கிறது. அதனால்தான் 1991 செப்ரெம்பர் 16 இல் 12க்கு 11 என்ற வாக்கில் செனற் புதிய தள உடன்படிக்கையை நிராகரித்தபோது அமெரிக்கத் தளங்கள் மூடப்பட்டன. சட்டத்தில் அந்தக் கதவு இருந்தது, மூட முடிந்தது.

நம் பக்கத்தில் வேறொரு கதவு உண்டு. கோவையில் அது இல்லை. 2006 இல் சிங்கராசா வழக்கில் உயர் நீதிமன்றம், சர்வதேசக் கடப்பாடு உள்நாட்டுச் சட்டவாக்கம் இல்லாமல் இங்கே உரிமைகளை மாற்றாது என்ற நிலைப்பாட்டை எடுத்தது. மனித உரிமைக்காரர்களை அந்தத் தீர்ப்பு ஏமாற்றியது. ஆனால் அதே தர்க்கம் படைகளின் விடுபாட்டுரிமைக்கும் பொருந்த வேண்டும். ஆகவே நீதவான் முன் நிற்கும் சட்டத்தரணி, அமைச்சு காட்டும் குறிப்பை மட்டும் பார்க்கக்கூடாது. வியன்னா சமவாயத்துக்கு இங்கே உயிர் கொடுக்கும் 1996 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க இராஜதந்திரச் சிறப்புரிமைகள் சட்டத்தை எடுத்து, இந்த ஆள் அதற்குள் வருகிறாரா என்று கேட்க வேண்டும். இந்தச் சட்டம் கோவையில் இருந்தேயாக வேண்டும்.

இனி வெளியேற்றம். 1989 ஜூன் 1 இல் ஜனாதிபதி பிரேமதாச, ஜூலை இறுதிக்குள் இந்தியப் படை வெளியேற வேண்டும் என்று அறிவித்தார். ஒப்பந்தத்தின் உத்தரவாதங்கள் நிறைவேறுவதோடு சேர்த்தே காலஅட்டவணை வகுக்க வேண்டும் என்பது டில்லியின் வாதம். செப்ரெம்பர் 18 இல் இணக்கம் வந்தது; கடைசிப் படையினர் 1990 மார்ச் 24 இல் திருகோணமலையிலிருந்து கப்பலேறினார்கள். அழைத்தவர் சம்மதத்தைத் திரும்பப் பெற்றால் தங்கலாமா? 1974 டிசம்பர் 14 இன் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானம் 3314, உறுப்புரை 3, ஐந்தாவது உட்பிரிவு: சம்மதத்தோடு உள்ளே இருக்கும் படையை உடன்படிக்கையின் நிபந்தனைகளுக்கு மாறாகப் பயன்படுத்துவதும், உடன்படிக்கை முடிந்தபின் தங்குவதும் ஆக்கிரமிப்பு. சம்மதத்தை எப்படித் திரும்பப் பெறுவது என்பதற்கு 2005 டிசம்பர் 19 இல் கொங்கோ–உகண்டா வழக்கில் சர்வதேச நீதிமன்றம் பதில் சொன்னது: குறிப்பிட்ட சம்பிரதாயம் எதுவும் தேவையில்லை, கொங்கோவின் சம்மதம் ஆகப் பிந்தினாலும் 1998 ஓகஸ்ட் 8 உடன் முடிந்தது. ஐ.நா. சர்வதேசச் சட்ட ஆணைக்குழு 2001 இல் தந்த, அரச பொறுப்புக்கான வரைவு உறுப்புரைகளில் 20 ஆவதும் இதே திசையில்: சம்மதம் பாதுகாப்பது அதன் எல்லைக்குள் நடந்ததை மட்டும். இந்த மூன்றையும் சேர்த்தால் பத்துப் பக்கம்கூட வராது. ஆனால் இவை இல்லாமல் 1989 ஐப் புரிந்துகொள்ள வழியில்லை.

உடன்படிக்கையிலேயே முன்னறிவித்தல் காலம் எழுதியிருந்தால் கதை வேறு. நேட்டோ சோபாவில் ஒரு வருடம், பிலிப்பைன்ஸின் 1998 வருகைப் படை உடன்படிக்கையில் 180 நாள். 2008 நவம்பரின் ஈராக்–அமெரிக்க உடன்படிக்கையின் 24 ஆம் உறுப்புரை திகதியையே எழுதியது: 2011 டிசம்பர் 31. அதன்பின் தங்க இரு பக்கமும் பேசினார்கள். நாடாளுமன்றம் ஒப்புக்கொண்ட விடுபாட்டுரிமை வேண்டும் என்று அமெரிக்கா கேட்டது, ஈராக் கொடுக்கவில்லை, படை போனது. கியூபாவில் உள்ள அமெரிக்கத் தளமான குவாந்தனாமோ அதற்கு நேர் எதிர். 1934 உடன்படிக்கைப்படி இரு தரப்பும் இணங்கினால் அல்லது அமெரிக்கா கைவிட்டால்தான் குத்தகை முடியும். கியூபாவின் விருப்பம் மட்டும் போதாது. படை வரும் நாளில் எழுதப்படும் வெளியேற்ற வரிதான் பிற்காலத்தில் ஒரு நாட்டின் கையைக் கட்டும் அல்லது அவிழ்க்கும்.

கோவையில் வீண் பக்கங்களும் உண்டு. சைப்பிரஸில் உள்ள பிரித்தானியத் தளங்களுக்கு 30 பக்கம். அவை 1960 இல் பிரித்தானியா தன் இறைமையின் கீழேயே வைத்துக்கொண்ட நிலம், சுமார் 99 சதுர மைல். ஏற்கும் நாட்டின் சம்மதத்தில் தங்கும் படைக்கு உதாரணமே அல்ல. வித்தியாசத்தைக் காட்ட ஒரு பக்கம் போதும். ஐ.நா. அமைதி காக்கும் படைகளுக்கான 1990 மாதிரிச் சோபாவும் சேர்த்திருக்கிறார்கள், அது நல்ல தெரிவு. குற்றவியல் நியாயாதிக்கம் முழுவதும் அனுப்பும் நாட்டுக்கே என்பது அதன் அடிப்படை. 2007 இல் ஹெயிட்டியிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட இலங்கைப் படையினர் பாலியல் சுரண்டல் குற்றச்சாட்டில் திருப்பி அனுப்பப்பட்டபோது, ஹெயிட்டி நீதிமன்றத்துக்கு அவர்கள் வராததற்குக் காரணம் இந்த ஏற்பாடு. அங்கே அனுப்பும் அரசு நாம். அதைச் சுருக்கத்தில் ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டும்.

அச்சுத் தரம்: 70 ஜிஎஸ்எம் தாள், எழுத்து மறுபக்கம் தெரிகிறது. நேட்டோ பகுதியில் அடிக்கோடிட்டால் பின்பக்கம் பாழ். 80 இல் கேட்டால் 200 ரூபா கூட எடுத்து அச்செடுத்துத் தருகிறார்கள், கொடுக்கலாம். கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் பஸ்ஸில் பொதி போட்டு அனுப்புகிறார்கள்.

வாங்கும்போது சைப்பிரஸ் பகுதியை எடுத்துவிடச் சொல்லி, அதற்குப் பதிலாக இவற்றைப் போடச் சொல்லுங்கள்: 1987 ஒப்பந்தத்தின் இணைப்பும் கடிதங்களும், தீர்மானம் 3314, கொங்கோ தீர்ப்பின் சம்மதம் பற்றிய பந்திகள், 1996 இன் 9 ஆம் இலக்கச் சட்டம், சிங்கராசா தீர்ப்பு. எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். பென்ட்ரைவில் கொண்டுபோனால் பக்கத்துக்கு 12 ரூபாவுக்கு அச்செடுத்து, 150 ரூபாவுக்குச் சுருள்கம்பியைக் கழற்றி மீண்டும் கட்டித் தருவார்கள். இணைப்பைக் கடைசியில் செருக விடாதீர்கள், 1987 ஒப்பந்தத்துக்கு நேர் பின்னால் வரவேண்டும். கட்டுவதற்கு முன் பக்கங்களை ஒருமுறை புரட்டி, 6 ஆம் பந்தி உள்ள தாள் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.